பை இல்லாத சட்டை

“ஒண்ணுமில்ல சார்” என்று சொல்லியிருக்கக் கூடாது. துணி என்று சொல்லியிருக்கலாம். கர்ச்சீப் என்று சொல்லியிருக்கலாம். காது கேட்காத மாதிரி அடுத்த வண்டியைப் பார்த்துக் கையை நீட்டியிருந்தால்கூடத் தேவலை. ஆனால் கன்ட்ரோல் ரூமிலிருந்து தனசேகர் இன்டர்காமில், “லேன் ஆறு, எழிலரசி, சட்டைக்குள்ள என்ன வச்சீங்க?” என்று கேட்டதும் வாய் முந்திக்கொண்டது. எழிலரசியின் வாய்க்கு எப்போதும் அதுதான் பழக்கம். யார் என்ன கேட்டாலும் முதலில் ஒண்ணுமில்ல, அப்புறம்தான் யோசனை. பிளஸ் டூ ரிசல்ட்டில் கணக்கு போன அன்றைக்கு அம்மா என்னடி ஆச்சு என்று கேட்டதற்கும் ஒண்ணுமில்ல. கல்யாணமாகி வந்த புதிதில் புருஷன் பிரதாப் ஏன் சாப்பிடலை என்று கேட்டதற்கும் ஒண்ணுமில்ல. இடுப்பு வலி எடுத்த அன்றைக்கு விடியற்காலையிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு துணி அலசினாள். பிரதாப்பின் அக்கா கஸ்தூரி வந்து முகத்தைப் பார்த்துவிட்டு, “என்னாடி, மூஞ்சி வெளுத்துக் கெடக்குது” என்றபோதும் ஒண்ணுமில்ல அண்ணி என்றுதான் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் பனிக்குடம் உடைந்து அலசிய துணி மேலேயே கொட்டியது. வீட்டில் அந்த வார்த்தையால் பெரிய கெடுதல் எதுவும் வந்ததில்லை. டோல்கேட்டில் வரும். இங்கே ஒண்ணுமில்ல என்றால் என்னவோ இருக்கிறது என்று அர்த்தம்.

அவள் உட்கார்ந்திருப்பது ஓரத்து லேன், காசு வாங்குகிற லேன். மற்ற லேன்களில் வண்டியைக் கண்டதும் கம்பி தானாகத் தூக்கிக்கொள்கிறது, உள்ளே இருப்பவர்கள் சும்மா உட்கார்ந்து கொட்டாவி விடுகிறார்கள். ஃபாஸ்டேக் ஒட்டாதவன், ஒட்டியும் பேலன்ஸ் இல்லாதவன், ஒட்டியதே எங்கே என்று தெரியாதவன் எல்லாம் ஆறாவது லேனுக்குத்தான் வருவான். வந்து சண்டை போடுவான். கண்ணாடிக் கூண்டு, அதற்குள் ஒரு நாற்காலி, ஒரு கம்ப்யூட்டர், ஒரு கல்லா, தலைக்கு மேல் ஒரு கேமரா. அந்தக் கேமரா முகத்தைப் பார்ப்பதில்லை, கையைப் பார்க்கிறது. கை எப்போதும் மேசை மேல் இருக்க வேண்டும். மேசைக்குக் கீழே போனால் கேள்வி வரும். யூனிஃபார்ம் சட்டையில் பை கிடையாது, பேன்ட்டில் பை இருக்கிற இடத்தில் தையல் போட்டு மூடியிருப்பார்கள். வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு இதெல்லாம் விநோதமாக இருந்தது, இப்போது கடைக்குப் போகப் போடுகிற சுடிதாரில் பை இருந்தால்தான் விநோதமாக இருக்கிறது. காலையில் ரெண்டு வண்டிக்கு நடுவில் ஒரு இடைவெளி கிடைத்தது. பழைய வேட்டித் துணியை நாலாக மடித்து, ஆரஞ்சு ஜாக்கெட்டின் ஜிப்பை இறக்கி, சட்டை பட்டனுக்குள் கையை விட்டு வைத்துவிட்டு வெளியே எடுத்தாள். கண் இமைக்கிற நேரம்தான். பால் கசிந்து சட்டை நனைந்துகொண்டிருந்தது, வேறென்ன செய்வது. ஆனால் கேமராவில் பார்த்தால் என்ன தெரியும்? மடித்த வெள்ளையாக ஏதோ ஒன்று, ஒரு கை, சட்டைக்குள் போகிறது, வெறும் கையாகத் திரும்பி வருகிறது. தனசேகர் மேல் தப்பே இல்லை. அவள் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் அவளும் கேட்டிருப்பாள். “சரிங்க, ஷிப்ட் முடிஞ்சதும் செக்கிங்குக்கு வந்துட்டுப் போங்க, வரதராஜன் சார் கிட்ட சொல்லிட்டேன்” என்று தனசேகர் சொன்னான், குரலில் ஒன்றுமே இல்லை, சாப்பிட்டாச்சா என்று கேட்கிற மாதிரிதான் சொன்னான். அதுதான் பயமாக இருந்தது.

கல்லாவை எண்ணிப் பார்த்தால் சரியாக இருக்கும், ஆனால் கல்லா சரியாக இருந்து பிரயோஜனமில்லை. சங்கரியின் கல்லாவும் சரியாகத்தான் இருந்தது. சங்கரி இவளுக்கு முன்னால் இதே நாற்காலியில் இருந்தவள். காசை வாங்கிக்கொண்டு ரசீது போடாமல் உள்ளூர் வண்டி என்று கம்பியைத் தூக்கிவிட்டு, வாங்கியதைச் சுருட்டி உள்ளே வைத்துக்கொள்வாளாம். செக்கிங் ரூமில் செக்யூரிட்டி அக்கா சட்டையைக் கழற்றச் சொன்னதும் கொட்டியதாம். இன்றைக்கும் டீ குடிக்கும்போது எவனாவது ஒருத்தன், “சங்கரி பேங்க்” என்பான், மற்றவர்கள் சிரிப்பார்கள். எழிலரசியும் சிரித்திருக்கிறாள், நல்ல ஜோக்தான். இன்றைக்கு சாயங்காலம் அந்த ஜோக்கில் பேர் மாறிவிடலாம். ஒரு மாருதி வந்து நின்றது. “மேடம், ஜிபே இருக்கா?” இருக்கு, அதோ ஸ்கேன் பண்ணுங்க. “நெட் வரலியே மேடம்.” வரும்ணா, போனைக் கொஞ்சம் வெளிய நீட்டுங்க. அந்த ஆள் போனை வானத்துக்கு நீட்டினான். இவளுக்கு இடது பக்கம் கல்லு மாதிரி இறுகிப் போயிருந்தது. வலது பக்கம் இன்னும் அவ்வளவு இல்லை, பாப்பா காலையில் வலதில்தான் குடித்தாள், இடதில் குடிப்பதற்குள் தூங்கிவிட்டாள், ஐந்து மாசக் குழந்தையைத் தட்டி எழுப்பி இன்னொரு பக்கமும் குடி, அம்மாவுக்கு ஷிப்ட் இருக்கு என்று சொல்ல முடியுமா. அக்குள் வரைக்கும் ஒரு நரம்பு சுண்டிச் சுண்டி இழுத்தது. கையைத் தூக்கி ரசீதை நீட்டும்போதெல்லாம் இழுத்தது. கையை நீட்டுவதுதான் வேலையே.

கூண்டிலிருந்து பார்த்தால் தூளி தெரியும். அதுதான் கஷ்டம், தெரியாமல் இருந்திருந்தால் மறந்துகூடப் போகலாம். இடதுபுறம் ரோட்டோரக் கம்பிக்கு அந்தப் பக்கம் கஸ்தூரி அண்ணி கொய்யாவும் வெள்ளரிப்பிஞ்சும் விற்கிறாள், பெரிய குடை, குடைக்குப் பின்னால் புங்க மரம், அதில் தூளி. முன்னெல்லாம் வண்டி வரிசை கட்டி நிற்கும், அண்ணி கூடையைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் ஜன்னலாக ஓடுவாள். ஃபாஸ்டேக் வந்து எல்லாரும் நிற்காமல் போக ஆரம்பித்ததும் அண்ணியின் வியாபாரம் படுத்துவிட்டது. “எல்லாம் உங்க கம்பெனி வேலடி” என்று எழிலரசியைப் பார்த்து அண்ணி திட்டுவாள், ஏதோ எழிலரசிதான் ஃபாஸ்டேக்கைக் கண்டுபிடித்த மாதிரி. ஆனால் திட்டிவிட்டு, “புள்ளைய நான் பாத்துக்கறேன், நீ போயி ஒக்காரு” என்றவளும் அண்ணிதான். நடு ஷிப்டில் மாற்று ஆள் வருவான், அவனை உட்கார வைத்துவிட்டு இவள் ஓடிப்போய்க் குடைக்குப் பின்னால் உட்கார்ந்து பால் கொடுத்துவிட்டு வருவாள். இன்றைக்கு மாற்று ஆள் வரவில்லை. அவன் மச்சானுக்குக் காது குத்தாம். மச்சானுக்கே காது குத்துகிற வயசா என்று யாரும் கேட்கவில்லை, லீவு கொடுத்துவிட்டார்கள். தூளி இப்போது ஆடிக்கொண்டிருந்தது. அண்ணி ஆட்டுகிறாளா, பாப்பா காலை உதைக்கிறாளா? உதைத்தால் முழிப்பு. முழிப்பு என்றால் பசி. லாரிச் சத்தத்தில் அழுகை கேட்காது, ஆனாலும் மார்புக்குக் கேட்கிறது போலிருக்கிறது, எறும்பு ஊர்கிற மாதிரி குறுகுறுவென்று ஒன்று உள்ளே கிளம்பியது. வேண்டாம், இப்ப வேண்டாம். அதைப் பிடித்து நிறுத்துவதற்கு ஒரு வழி உண்டு, ரெண்டு கையையும் குறுக்கே கட்டி நெஞ்சை அழுத்திக்கொள்ள வேண்டும். கையைக் கட்டினால் கேமராவில் விரல் தெரியாது. கையை மேசை மேலேயே வைத்துக்கொண்டு வேறு எதையாவது நினைக்கப் பார்த்தாள். கால்சியம் கார்பனேட். சோடியம் குளோரைடு.

வேதியியல் என்றதும் கெமிஸ்ட்ரி மிஸ் வந்துவிட்டாள். பிளஸ் டூவில் பிரசவ லீவு முடிந்து திரும்பி வந்த மிஸ், போர்டில் ஒரு சமன்பாட்டை எழுதிக்கொண்டிருந்தபோது புடவையில் ஒரு இருட்டு வட்டம் பரவியது. பின் பெஞ்சில் ஒரு கிசுகிசு. மிஸ் குனிந்து பார்த்துவிட்டு, சமன்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு லேபுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எழிலரசிக்கு அன்றைக்கு என்ன தோன்றியது? ஒரு மண்ணும் தோன்றவில்லை. பாதி பீரியட் மிச்சம் என்று தோன்றியது. மிஸ்ஸுக்கு ஒரு லேப் இருந்தது, கதவு இருந்தது, தாழ்ப்பாள் இருந்தது, அதெல்லாம் எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போது யாருக்குத் தெரியும். இங்கே கதவும் தாழ்ப்பாளும் இருக்கிற ஒரே அறை செக்கிங் ரூம். போன வாரம் மேனேஜர் வரதராஜன் சாரிடம் கேட்டாள், சார், செக்கிங் ரூம் சும்மாத்தானே சார் கெடக்குது, நான் அங்க போயி. சார் முடிக்க விடவில்லை. “அது செக்கிங்குக்கு இருக்கற ரூம்மா. அங்க போயி அதெல்லாம் எப்படி?” அதெல்லாம் என்றால் எதெல்லாம். காசு தேடுவதற்கு அந்த அறையில் சட்டையைக் கழற்றலாம், பால் கொடுக்கக் கழற்றக் கூடாது. இவள் அதைச் சொல்லவில்லை, மனசுக்குள்தான் சொன்னாள், வெளியே என்ன சொன்னாள் என்றால், ஒண்ணுமில்ல சார், சும்மா கேட்டேன்.

சாரைக் கெட்டவர் என்று சொல்ல முடியாது. பிரசவ லீவு முடிந்து வந்தவளை மறுபடி சேர்த்துக்கொண்டதே அவர்தான், சம்பளத்தைப் பிடித்து வைக்கிற ஆள் இல்லை, ராத்திரி ஷிப்ட் போடாதீங்க சார் என்றதும் போடவில்லை. குடைக்குப் பின்னால் உட்கார்ந்து பால் கொடுத்ததை ஒரு நாள் வண்டியில் வரும்போது பார்த்துவிட்டார், அதுதான் பிரச்சினை. கூப்பிட்டு நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார், தண்ணீர்கூடக் கொடுத்தார். ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பேசினார். “தாய்ப்பால் நல்லதுதாம்மா, நான் வேணாம்னு சொல்லல. ஆனா யூனிஃபார்ம்ல பண்ணாத. முதுகுல கம்பெனி பேரு இருக்குது. யூனிஃபார்ம் போட்டா நீ எழிலரசி இல்ல, கம்பெனி. ரோட்டுல ஃபேமிலி போறாங்க, பாக்கறவன் என்ன நெனப்பான்? ஆபீஸ்னா ஒரு முறை இருக்குல்ல.” வெளியே வந்ததும் எழிலரசிக்கு வந்த முதல் யோசனை, கம்பெனிக்குப் பால் சுரக்குமா என்பது. அப்புறம் வந்த யோசனை, சார் சொல்வதில் என்ன தப்பு என்பது. ரெண்டும் மாறி மாறி வந்துகொண்டே இருந்தது, ஒரு வாரமாக வருகிறது. அதற்கப்புறம் முதுகில் இருக்கிற பேரை அண்ணியின் துண்டால் மூடிக்கொண்டுதான் குடைக்குப் பின்னால் பால் கொடுத்தாள். நேர்மையாகச் சொல்ல வேண்டுமென்றால், பேங்க்கில் கவுன்ட்டருக்குப் பின்னால் ஒரு மேடம் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே இவளுடைய பாஸ்புக்கை வாங்கினால் இவளே ஒரு மாதிரி பார்ப்பாள். பார்க்காமல் இருக்க மாட்டாள். ஊசி போட வந்த நர்ஸ், கொஞ்சம் பொறுங்க, பாப்பா குடிச்சிட்டு இருக்குது என்றால் எரிச்சல்தான் வரும். அப்போ சார் சொல்வது சரியா? ஆனால் யாரு அப்படிக் கேட்டார்கள். ஒரு கையில் குழந்தையும் ஒரு கையில் கல்லாவுமாக உட்காருகிறேன் என்று அவள் கேட்கவில்லையே. கொஞ்ச நேரம் எழுந்து போய்விட்டு வருகிறேன் என்றுதான் கேட்டாள். சார் சிகரெட்டுக்கு எழுந்து போகிறார், குடோனுக்குப் பின்னால் நின்று ஊதுகிறார், சிகரெட்டை யூனிஃபார்ம் போட்டுக்கொண்டுதான் ஊதுகிறார், அவர் முதுகிலும் கம்பெனி பேர்தான் இருக்கிறது. மழைக்காலத்தில் நாலாவது கூண்டுக்குள் ஒரு பாம்பு வந்து மானிட்டருக்குப் பின்னால் சுருண்டு படுத்துக்கொண்டது, அன்றைக்கு அரை நாள் லேனை மூடி வைத்தார்கள், பாம்பு பிடிக்கிறவன் வருகிற வரைக்கும் எல்லாரும் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். பாம்புக்கு லேனை மூடலாம்.

வேகமாக ஒரு கார் வந்து பிரேக் போட்டது. ஓட்டுகிற ஆள் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பர்ஸைத் தேடினான், பேன்ட்டில் தேடினான், டேஷ்போர்டில் தேடினான். பக்கத்து சீட்டில் அவன் பொண்டாட்டி துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு ஒரு குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள், துப்பட்டாவுக்கு வெளியே ரெண்டு குட்டிப் பாதம் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. “உங்க பேகுல வச்சீங்களே, பின்னாடி சீட்டுல பாருங்க” என்று அவள் புருஷனிடம் சொன்னாள், சொல்லிவிட்டு எழிலரசியைப் பார்த்து, “எப்பவும் இப்படித்தாங்க” என்று சிரித்தாள். எழிலரசியும் சிரித்தாள். இந்த மாதிரி எத்தனை பேர் போகிறார்கள், தினமும் போகிறார்கள், பஸ் ஜன்னலில், வேனில், லாரியில் டிரைவர் குடும்பத்தோடு போகும்போது. எந்தக் கம்பெனிக்கும் கௌரவம் குறைந்ததாகத் தெரியவில்லை. ரசீதைக் கொடுக்கக் கையை நீட்டினபோது அந்தக் குழந்தை குடிப்பதை விட்டுவிட்டு ஒரு சத்தம் போட்டது, அழுகைகூட இல்லை, ஒரு சிணுங்கல். அவ்வளவுதான். இடதும் வலதும் ஒரே நேரத்தில் திறந்துகொண்டன. ஆயிரம் ஊசி ஒன்றாகக் குத்துகிற மாதிரி ஒரு இழுப்பு, அப்புறம் சூடு, மடித்து வைத்த துணி நிறைந்து, அதைத் தாண்டி வயிறு வரைக்கும் ஒழுகியது. கார் போய்விட்டது. யாரோ பெற்ற குழந்தைக்கு இவள் மார் பதில் சொல்கிறது, சொந்தக் குழந்தை கூப்பிடு தூரத்தில் தூளியில் கிடக்கிறது. சார் கூப்பிட்டுச் சொன்ன அன்றைக்கு டாய்லெட்டில் நின்று பீய்ச்சி வாஷ்பேசினில் விட்டாள், வெள்ளையாகச் சுழன்று ஓட்டைக்குள் போனது. அழுகை ஒன்றும் வரவில்லை, யாருக்கோ சமைத்து எங்கேயோ கொட்டின மாதிரி ஒரு கோபம்தான் வந்தது.

சாயங்காலம் சட்டையைக் கழற்றுவாள், துணி விழும், செக்யூரிட்டி அக்கா பார்ப்பாள், ஐயே என்பாள், அதோடு முடிந்துவிடும். முடியுமா? அதற்குள் துணி காய்ந்து போயிருந்தால்? துணிக்குள்ள வச்சிருந்த பணம் எங்க போச்சு, நடுவுல அண்ணி கிட்ட குடுத்துட்டியா என்று கேட்டால்? அண்ணி கம்பிக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறாள், கம்பி ஓரம் வந்து நின்றால் கைக்கு எட்டும், எல்லாருக்கும் தெரியும். பிறகு சார் என்ன செய்வார், ரெக்கார்டிங்கை ஓட்டிப் பார்ப்பார், தனசேகரும் கூட நின்று பார்ப்பான், நிறுத்தி நிறுத்திப் பார்ப்பார்கள், ஜாக்கெட் ஜிப், பட்டன், கை. பார்த்தாலும் அதில் பால் தெரியாது. கைதான் தெரியும். வேலை போனால் பிரதாப் ஒன்றும் சொல்ல மாட்டான், அவன் லோடு வண்டி ஓட்டி வாரத்துக்கு ரெண்டு நாள் மட்டும் வீட்டுக்கு வருகிறவன், ஆனால் ஊரில் சொல்வார்கள், திருடி மாட்டிக்கிட்டாளாம் என்று. எதைத் திருடினாள் என்று யாரும் கேட்க மாட்டார்கள். அதுக்கு முன்னால் சொல்லிவிட வேண்டியதுதான். ஒரு வார்த்தை. இன்டர்காம் பட்டனை அழுத்திச் சொல்ல வேண்டியதுதான். ஆனால் இன்டர்காம் ஒரே லைன், எல்லாக் கூண்டிலும் கேட்கும், மற்ற அஞ்சு கூண்டிலும் ஆம்பளைங்க. ஸ்பீக்கரில் பால் என்று சொன்னால் டீக்கடையில் அதுதான் அடுத்த ஜோக். சங்கரி பேங்க்கா, பால் பூத்தா, எது பரவாயில்லை? யோசித்துப் பார்த்தாள். பால் பூத் பரவாயில்லை என்று தோன்றியது.

அப்போதுதான் அண்ணி வந்தாள். தூளியிலிருந்து பாப்பாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, குடையையும் கொய்யாவையும் அப்படியே விட்டுவிட்டு, கம்பி ஓரமாகக் கூண்டுக்குப் பக்கத்திலேயே வந்து நின்றாள். பாப்பாவின் முகம் செம்பருத்தி மாதிரி சிவந்திருந்தது, வாய் திறந்திருந்தது, இப்போது லாரிச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. “ஏண்டி, எவ்ளோ நேரம் ஏமாத்தறது” என்று அண்ணி கத்தினாள். “வெரலக் குடுத்தேன், கடிச்சிட்டா. கொய்யாவக் காட்டுனேன், என்ன ஒரு மொறை மொறைக்கிறா. உன் ஆளு எங்க, மாத்தி வுட வரலியா?” வரல அண்ணி. “அப்ப என்னா செய்யறது, நான் குடுக்கட்டுமா, எனக்கு வந்தா குடுக்க மாட்டனா?” எழிலரசி பாப்பாவைப் பார்த்தாள், பாப்பாவும் கண்ணாடிக்குள் இவளைக் கண்டுபிடித்துவிட்டாள், கண்டுபிடித்ததும் அழுகை ஒரு படி ஏறியது, இங்கதான் இருந்துக்கிட்டு வரலையா என்கிற மாதிரி. இனி யோசிக்க ஒன்றும் இல்லை. எழிலரசி பட்டனை அழுத்தினாள். “தனசேகர் சார், லேன் ஆறு.” சொல்லுங்க. “காலையில சட்டைக்குள்ள வச்சது துணி. பால் கசியுது, அதுக்குத் துணி வச்சேன். ஒண்ணுமில்லன்னு சொன்னது பொய்.” இவள் ஜாக்கெட் ஜிப்பை இறக்கி, கையை உள்ளே விட்டு, துணியை எடுத்து மேசை மேல் கேமராவுக்கு நேராக விரித்துப் போட்டாள். மேசையில் ஈரம் பரவியது. “பாத்துக்கங்க. இப்ப லேன மூடறேன். எம் பொண்ணுக்குப் பால் குடுக்கணும், மாத்தி விட ஆள் வரல. கொஞ்ச நேரம் கை மேசை மேல இருக்காது, ரெண்டு கையும் கொழந்தயப் புடிச்சிக்கணும்.” தனசேகர் தொண்டையைச் செருமினான். “கேமராவ ஆஃப் பண்ண முடியாதுங்க, ரெக்கார்ட் ஆவும்.” ஆவட்டும், நான் திரும்பி ஒக்காந்துக்கறேன். “லேன் மூடுனா காரணம் போடணும், என்னன்னு போடறது?” இருக்கறத போடுங்க சார்.

சிவப்பு விளக்கைப் போட்டாள். பின்கதவைத் திறந்து பாப்பாவை வாங்கினாள், நாற்காலியைக் கேமராவுக்கு முதுகு காட்டித் திருப்பினாள். அண்ணி தன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து மேலே போட்டுவிட்டு, “நான் கடைக்குப் போறன், ஆடு மேஞ்சிடப் போவுது” என்று ஓடினாள். பாப்பா தேடினாள், கிடைத்தது, முதல் இழுப்பில் எழிலரசிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வலி, சுத்தமான வலி, அப்புறம் அந்தக் கல் கொஞ்சம் கொஞ்சமாக இளக ஆரம்பித்தது. பாப்பாவுக்கு மூச்சு முட்டியது, இருமினாள், மறுபடி பிடித்துக்கொண்டாள். வெளியே ஒரு லாரி வந்து நின்று ஹாரன் அடித்தது. அதற்குப் பின்னாலேயே வரதராஜன் சாரின் பைக். சார் கூண்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றார், பார்த்தார், உடனே திரும்பி ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். இவளுக்கு அவர் முதுகுதான் தெரிந்தது, அதில் கம்பெனி பேர். “சொல்லிட்டு செய்யக் கூடாதா?” என்றார் ரோட்டைப் பார்த்து. “போன வாரம் சொன்னனே சார்.” சார் லாரியைப் பார்த்துப் பொறு என்று கையைக் காட்டினார். “செக்கிங்குக்கு வர வேணாம். தனசேகர் பாத்துட்டான்.” சரி சார். “ஆனா ஷிப்ட் முடிஞ்சதும் என்னை வந்து பாரு. நாளைக்கும் இதே மாதிரி பண்ணிட்டிருக்க முடியாதுல்ல?” எழிலரசி துண்டை விலக்கிப் பாப்பாவின் கன்னத்தைப் பார்த்தாள், அது மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. “நாளைக்கும் பசிக்கும் சார்” என்றாள். சொன்ன பிறகு திக்கென்றது. வேலை போனாலும் போகலாம். ஆனால் சொன்னதைத் திருப்பி எடுக்கவும் தோன்றவில்லை. நாளைக்குப் பசிக்குமா பசிக்காதா, அதில் பேசுவதற்கு என்ன இருக்கிறது.

லாரிக்காரர் தலையை வெளியே நீட்டினார். பெரிய மீசை, தூக்கம் கெட்ட கண். “என்னா சார், லேன் வேலை செய்யலியா?” வரதராஜன் சார், “சர்வர் டவுன், பக்கத்து லேனுக்குப் போங்க” என்றார். “எனக்கு டேக்ல பணம் இல்ல சார், கேஷு. எப்ப வரும் சர்வரு?” சார் வாட்சைப் பார்த்தார், ஏதோ சர்வர் எப்போது வரும் என்று வாட்சுக்குத் தெரியும்போல. “வந்துடும், வந்துடும், கொஞ்சம் வெயிட் பண்ணுங்க.” எழிலரசிக்குப் பொறுக்கவில்லை. கண்ணாடியை விரலால் தள்ளி, திரும்பாமலேயே குரல் கொடுத்தாள். “சர்வரெல்லாம் நல்லா இருக்குண்ணா. கொழந்த பால் குடிக்குது. ஒரு பக்கம் முடிஞ்சுது, இன்னொரு பக்கம் இருக்குது.” சாரின் முதுகு விறைத்தது. லாரிக்காரர் கூண்டைப் பார்த்தார், சாரைப் பார்த்தார். “அத மொதல்லயே சொல்றதுக்கு என்னாவாம்” என்றார். ரிவர்ஸ் கியரைப் போட்டார். அந்த வண்டியில் ரிவர்ஸ் போட்டால் பாட்டுப் பாடுகிற ஹாரன் இருந்தது, கல்யாண வீட்டு நாதஸ்வரம் மாதிரி கீச்சுக் குரலில் ஒன்று ஊதிக்கொண்டே லாரி மெதுவாகப் பின்னால் போய் ஓரமாக, புங்க மர நிழலில் நின்றது. பாப்பா குடிப்பதை விட்டுவிட்டு அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தலையைத் திருப்பிக் கேட்டாள், பால் அவள் தாடையில் ஒழுகியது. பாட்டு நின்றது. எழிலரசி அவளைத் தூக்கி அடுத்த பக்கத்துக்கு மாற்றிப் போட்டாள்.